பத்து நாள் வீடு

சுவிட்சர்லாந்து விலை மிகுந்த நாடு என்பதை அங்குச் செல்லாதவரும் அறிவர். 'எகனாமிஸ்ட்' இதழ் 1986ஆம் ஆண்டு முதல் 'பிக் மேக்' என்னும் ஒரே தின்பண்டத்தின் விலையை நாடுதோறும் ஒப்பிட்டுப் பட்டியலிட்டு வருகிறது. அப்பட்டியலின் உச்சியில் அந்நாட்டின் பெயரையே பெரும்பாலும் காணலாம். கடையில் உட்கார்ந்து ஒரு குவளைக் காபி அருந்த நாலரை முதல் ஐந்து பிராங்க் வரை ஆகும். நாங்கள் சென்ற 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பிராங்கின் மதிப்பு தொண்ணூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. பெருக்கிப் பார்த்துக்கொண்டே குடித்தால் எந்தக் காபியும் கசக்கும். ஆகவே பயணம் முழுவதும் பெருக்கல் வாய்பாட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது என்று நாங்கள் இருவரும் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டோம். எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் பள்ளியில் கணக்குக் கற்பிப்பவர். உடன்பாடு யாருக்குக் கடினமாக இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஜெயங்கொண்டத்தில் வாழும் இரண்டு ஆசிரியர்களுக்கு அந்நாட்டில் என்ன வேலை என்ற வினா எழும். வேலை ஒன்றுமில்லை; மகள் இருக்கிறாள். பெர்ன் பல்கலைக்கழகத்தில் காலநிலை அறிவியலில் முதுகலை பயில்வதற்காக 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்றவள். அண்டார்டிகாவின் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளைக் கொண்டு எட்டு லட்சம் ஆண்டுகளின் கரியமில வாயு அளவைக் கண்டறிந்த ஆய்வில் அப்பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைக்கு இத்துறையில் நாட்டம் ஏற்பட்டதில் வியப்பில்லை. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் கிரிட்டேசியக் காலத்தில் கடலடியில் கிடந்தவை. இன்று இங்கே சிமெண்ட் ஆலைகள் இருப்பதற்குக் காரணமான சுண்ணாம்புக்கல் அக்கடல் விட்டுச் சென்றதுதான். காரைப் பக்கத்துச் செம்மண் பள்ளங்களில் கடல் உயிரிகளின் கல்லுருக்கள் கிடைக்கும் செய்தியைப் புவியியல் மாணவர் அனைவரும் அறிவர். எங்கள் மகளிடம் ஏழு வயது முதல் உள்ளங்கை அளவில் ஒரு கல் நத்தை உண்டு. சாலையோரம் கொட்டிக் கிடந்த கற்குவியலில் அவளே கண்டெடுத்தது. 'இந்த ஊரில் கடல் இருந்ததா?' என்று அன்று கேட்டவள், அந்தக் கேள்வியின் வழியே நடந்து நடந்து பெர்ன் வரை போய்விட்டாள்.

அவள் தங்கியிருந்தது மாணவர் குடியிருப்பில் ஒரு சிற்றறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சன்னல். விருந்தினர் ஓரிரு இரவுகளுக்கு மேல் தங்க விதி இடந்தராது. விடுதியில் இரண்டு அறை எடுத்தால் எங்கள் ஆறாண்டுச் சீட்டுப் பணம் நான்கு நாளில் கரைந்துவிடும். நகரத்துக்குள்ளேயே வீடெடுக்கலாம் என்றாலும் அதற்கும் வழி குறுகியிருந்தது. பெர்ன் நகரின் பழைய பகுதி 1983ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. அங்குள்ள குடியிருப்புகளைச் சுற்றுலாப் பயணியருக்குக் குறுகிய காலத்துக்கு விடுவதை வரம்புக்குட்படுத்த நகர மக்கள் 2022ஆம் ஆண்டில் வாக்களித்து ஒப்புதல் தந்தனர். குடியிருப்போருக்கே வீடு போதாதபோது வந்துபோவோருக்கு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். எனவே மகள் வரைபடத்தை விரித்து, பெர்னிலிருந்து தொடர்வண்டியில் இருபது நிமிடத் தொலைவில் உள்ள தூன் நகரையும், அதற்கப்பால் தூன் ஏரியின் வடகரைச் சிற்றூர்களையும் தேடத் தொடங்கினாள். ஒரு மூதாட்டியின் இரண்டடுக்கு மரவீட்டில் கீழ்த்தளம் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஏரியை நோக்கிய ஒரு சிறு திண்ணை.

கணக்காசிரியர் வாய்பாட்டைப் பூட்டி வைத்தாலும் குறிப்பேட்டைப் பூட்டவில்லை. அதிலிருந்து சில எண்களை இங்கே தருகிறோம், எவருக்கேனும் பயன்படலாம். வாடகை ஓர் இரவுக்கு 105 பிராங்க்; பத்து இரவுக்கு 1050. போகும்போது வீட்டைத் துப்புரவு செய்ய 120. ஊராட்சிக்குச் செலுத்தும் தங்கல் வரி மூவருக்குமாக ஏறக்குறைய 100. இந்த வரியைச் செலுத்தியோருக்குத் தரப்பட்ட விருந்தினர் அட்டையைக் காட்டி உள்ளூர்ப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்ல முடிந்தது. கடைச்சரக்கு வாங்கி நாங்களே சமைத்ததில் 340. ஆக மொத்தம் 1610 பிராங்க். நாங்கள் விசாரித்த எளிய விடுதிகளில் இரண்டு அறைக்கு நாளொன்றுக்கு 300 ஆகும் என்றார்கள். மூவர் இருவேளை வெளியில் உண்டால் நாளைக்கு 150 குறையாது. பத்து நாளுக்கு 4500. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் செலவில் காரியம் முடிந்தது. நாங்கள் சென்ற மே மாதமும் இதற்கு உதவிற்று. பனிச்சறுக்குக் காலம் முடிந்து கோடைக் கூட்டம் தொடங்காத இடைக்காலம் அது. கல்லூரிக்கும் பள்ளிக்கும் இங்கே விடுமுறை. அங்கே வீடுகளுக்கு வாடகைக் குறைவு.

மலிவான தங்குமிடம் என்னும் எண்ணம் அந்நாட்டுக்குப் புதிதன்று என்பதை அங்கே போன பின்னரே அறிந்தோம். நாங்கள் அரிசி வாங்கிய மிக்ரோஸ் கடைக்கு ஒரு வரலாறு உண்டு. கோட்லீப் டுட்வைலர் என்பவர் 1925ஆம் ஆண்டு ஐந்து ஃபோர்டு வண்டிகளில் காபி, அரிசி, சர்க்கரை, மாவுப்பண்டம், தேங்காய்க் கொழுப்பு, சவர்க்காரம் ஆகிய ஆறே பொருள்களை ஏற்றிக்கொண்டு இடைத்தரகரின்றித் தெருத்தெருவாக விற்கத் தொடங்கினார். பின்னர் 1941ஆம் ஆண்டில் தம் நிறுவனத்தை வாடிக்கையாளர்களின் கூட்டுறவுச் சங்கமாக மாற்றினார். அவரேதான் பொருளாதார மந்தத்தால் விடுதிகள் காலியாகக் கிடந்த 1935ஆம் ஆண்டில், சாதாரண மக்களும் விடுமுறை செல்லட்டும் என்று குறைந்த கட்டணப் பயணத் திட்டம் ஒன்றைத் தொடங்கியவரும். நான்காண்டு கழித்து, 1939இல், 'ரேக்கா' என்னும் கூட்டுறவு அமைப்பு தோன்றியது. தொழிலாளர் குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேமித்து விடுமுறைக்குச் செல்வதற்கான ஏற்பாடு அது. பிற்காலத்தில் அவ்வமைப்பு மலையோரங்களில் விடுமுறைக் குடியிருப்புகளையே கட்டியது. வறிய குடும்பங்களுக்கு ஒரு வாரம் சிறு தொகையில் தங்கவும் வழி செய்தது. சமையலறையோடு கூடிய வீடு என்பதுதான் அத்திட்டத்தின் உயிர்நாடி. விடுதி அறை தனியாளுக்குப் போதும். குடும்பத்துக்கு அடுப்பு வேண்டும்.

இதைப் படிக்கும் தமிழருக்குச் சத்திரங்கள் நினைவுக்கு வராமல் போகா. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்களை எழுப்பினர். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. காசியிலும் பழனியிலும் இராமேசுவரத்திலும் நகரத்தார் விடுதிகள் உள்ளன. அறம் கருதிச் சோறும் இடமும் அளித்தவை சத்திரங்கள். சிக்கனம் கருதி அடுப்பும் இடமும் அளிப்பவை இந்த வீடுகள். முன்னதில் இடுபவன் பெறுபவன் என்னும் ஏற்றத்தாழ்வு உண்டு. பின்னதில் அது இல்லை. ஆனால் ஒரு பட்டியல் உண்டு.

அப்பட்டியல் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருந்தது. தட்டு ஆறு, ஆழத்தட்டு ஆறு, கரண்டி ஆறு, கத்தி ஆறு, மரக்கரண்டி இரண்டு, வாணலி ஒன்று, பாலாடை துருவி ஒன்று என்று எண்ணி எழுதியிருந்தார் மூதாட்டி. அதன் கீழே விதிகள். இரவு பத்து மணிக்கு மேல் ஓசை கூடாது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கலாகாது. குப்பையை ஊராட்சி வரி செலுத்திய பையில் மட்டுமே இடவேண்டும். அந்தப் பையின் விலையிலேயே வரி அடங்கியிருக்கிறது. கண்ணாடிப் புட்டிகளை நிறவாரியாகப் பிரித்துத் தொட்டியில் போடவேண்டும். அதையும் ஞாயிறன்று போடக்கூடாது, உடையும் ஓசை ஊருக்குக் கேட்கும். முதல் நாள் இவற்றைப் படித்தபோது தேர்வுக்கூடத்துக்குள் நுழைந்தது போலிருந்தது. மூன்றாம் நாள் எங்களுக்கே அந்த ஓசையின்மை பழகி, தாளிப்பின் சடசடப்பு மிகையாகப் பட்டது.

வியாழனன்று இயேசு விண்ணேறிய நாள் என்று கடைகள் அனைத்தும் அடைத்துக் கிடந்தன. அதற்கு முன்தினமே மகள் எங்களைப் பெர்னிலுள்ள ஒரு தமிழ்க் கடைக்கு அழைத்துச் சென்றாள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், பச்சை மிளகாய், இட்லி அரிசி எல்லாம் இருந்தன. கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் அந்நாட்டை அடைந்த ஈழத்தமிழர்களும் அவர்தம் வழியினருமாக இன்று ஏறத்தாழ 50,000 பேர் அங்கே வாழ்கின்றனர். தொடக்கத்தில் அவர்களுட் பலர் உணவகங்களின் சமையற்கட்டுகளில் உழைத்தனர்.

"இந்தியாவில எவடம் அக்கா?" என்று கேட்டார்.

ஜெயங்கொண்டம் என்றோம். அவருக்குப் பிடிபடவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது. "ராஜேந்திர சோழன்ர ஊரோ!" என்றார். எங்கே தங்கியிருக்கிறோம், என்ன வாடகை என்று விசாரித்தார். சொன்னோம். சிறிது நேரம் பைக்குள் வெண்டைக்காயை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தவர், "நாங்கள் வந்த புதுசில ஒரு அறையில எட்டுப் பேர் இருந்தனாங்கள். நாலு பேர் ராவேலை, நாலு பேர் பகல்வேலை. கட்டில் ஆறினதே இல்லை" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்குக் காசு வாங்க மறுத்தார். ஜெயங்கொண்டத்திலிருந்து கொண்டுபோன முந்திரிப்பருப்பில் ஒரு பொட்டலத்தை மறுநாள் மகளிடம் கொடுத்தனுப்பினோம்.

அந்நகரின் ஐரோப்பா சதுக்கத்தில் 'சமயங்களின் இல்லம்' என்றொரு கட்டடம் 2014ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. சைவக் கோயில், பௌத்த மையம், பள்ளிவாசல், அலவியர் மன்றம், கிறித்தவ வழிபாட்டிடம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் உள்ளன. சைவநெறிக்கூடம் நடத்தும் ஞானலிங்கேசுவரர் கோயிலில் பூசை தமிழிலேயே நடைபெறுகிறது. தமிழ் பயின்றவர்க்கு அது தனி நிறைவு. கோயிலுக்கும் அங்கே தனிக்கட்டடம் இல்லை. அடுத்தடுத்த கதவுகளில் அண்டை வீட்டாராக இருக்கிறார்கள் கடவுளர். அடுக்ககத்தில் குடியேறிய சிவபெருமானைக் கண்டு, பதினோராம் நூற்றாண்டில் சற்றேறக்குறைய 55 மீட்டர் உயர விமானம் எழுப்பப்பெற்ற எங்கள் ஊர்ப்பக்கத்துச் சிவபெருமானை எண்ணிக்கொண்டோம். அங்கே இடம் மிகுதி, கூட்டம் குறைவு. இங்கே இடம் குறைவு, வெள்ளிக்கிழமையானால் நிற்க இடமில்லை என்று மகள் சொன்னாள்.

இனி மூதாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பதை நெருங்கியவர். மேல்தளத்தில் தனியே இருந்தார். ஜெர்மன் மட்டுமே பேசினார். மகள்தான் இருபுறமும் மொழிபெயர்த்தாள். நாலாம் நாள் தோட்டத்திலிருந்து ரூபார்ப் தண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்து, புளிப்பு மிகுதி, சர்க்கரை சேர்க்காமல் தொடவேண்டாம் என்று எச்சரித்தார். நாங்கள் அதைப் புளிக்குப் பதிலாகச் சாம்பாரில் இட்டோம். ஒரு கிண்ணம் மேலே அனுப்பினோம். கிண்ணம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. கருத்து ஏதும் வரவில்லை.

மே மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்குத்தான் இருட்டும். எதிர்க்கரையில் நீசன் மலை கூம்பாக எழுந்து நிற்கும். 2362 மீட்டர் உயரம். அதன் இழுவை இருப்புப்பாதையோரமாக 11,674 படிகள் உள்ளன. உலகின் மிக நீண்ட படிவரிசை என்று அதைச் சொல்கிறார்கள். ஒரு மாலை திண்ணையில் அமர்ந்திருந்தபோது கணக்காசிரியர் தம் வழக்கப்படி எண்ணத் தொடங்கினார். மலையை அன்று, சரிவில் தெரிந்த வீடுகளை. பதினான்கு வீடுகள். இருட்டிய பின் விளக்கு எரிந்தவை நான்கு. மறுநாளும் நான்கு. அதற்கடுத்த நாள் சனிக்கிழமை, ஆறு.

மூதாட்டியிடம் கேட்டோம். அவை நகரத்தாரின் இரண்டாம் வீடுகள், ஆண்டில் மூன்று நான்கு வாரம் வருவார்கள் என்றார். இத்தகைய வீடுகளில் கிடப்பவற்றுக்கு அங்கே 'குளிர்ந்த கட்டில்கள்' என்றே பெயர் வழங்குகிறது. ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்கள் பலவற்றில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் இப்படிப் பூட்டிக் கிடக்க, உள்ளூர் இளைஞருக்கு வாடகைக்கு வீடு கிடைக்காத நிலை வந்தது. 2012ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்னும் கோரிக்கை 50.6 விழுக்காட்டு வாக்குகளால் நூலிழையில் வென்றது. அதற்கான சட்டம் 2016 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. குடிமக்களுள் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர் வாடகை வீட்டில் வாழும் நாட்டில், ஆளில்லாத வீடு என்பது அறக்கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

"இந்தக் கீழ்த்தளம் என் மகனுக்காகக் கட்டியது" என்றார் மூதாட்டி. மகன் கனடாவில் இருக்கிறார். ஐந்தாண்டுகள் பூட்டியே வைத்திருந்தாராம். "பிறகு தோன்றியது, எனக்கு வேண்டியது வாடகை அன்று, கீழே ஒரு சன்னலில் வெளிச்சம். வாடகையும் வந்தால் கூரையைப் பழுது பார்க்கலாம்." மகள் இதை மொழிபெயர்த்தபோது எங்கள் இருவரையும் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் காரணம் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

பகலில் அவள் வகுப்புக்குப் போவாள். மாலை ஆறரைப் பேருந்தில் வருவாள். நாங்கள் நிறுத்தம் வரை போய்க் காத்திருப்போம். வீட்டுக்கு வந்ததும், "என்ன சமையல்?" என்பாள். அந்த நாட்டில் எட்டு மாதமாக வாழ்பவள் அவள், எட்டு நாள் முன்பு வந்தவர் நாங்கள். ஆயினும் வீடு எங்களுடையது, வருபவள் அவள். பேருந்துச் சீட்டையும் கடைப் பெயர்களையும் அவள் எங்களுக்குக் கற்பித்தாள். சோற்றை நாங்கள் அவளுக்கு இட்டோம். அந்தச் சமன்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. வாடகைக்கு எடுத்த அடுப்பு என்பதே மறந்து போயிற்று.

எட்டாம் நாள் இரவு உண்டு முடித்த பின் அவள் சொன்னாள்.

"அம்மா, முதுகலை முடிச்சிட்டு ஆராய்ச்சிக்கும் இங்கேயே இருக்கலாம்னு நினைக்கிறேன். பேராசிரியர் கேட்டிருக்காங்க. சம்பளமும் உண்டு. நாலு வருஷம்."

"நாலு வருஷம்னா?" என்றார் கணக்காசிரியர்.

"நாலு வருஷம்தான் அப்பா. அதுக்கப்புறம் எனக்கே தெரியாது."

படிப்பு முடிந்ததும் வந்துவிடுவாள் என்னும் நம்பிக்கையில் அவள் புறப்படுவதற்கு முந்தைய ஆண்டு மாடியில் ஓர் அறை கட்டியிருந்தோம். கிழக்கே சன்னல். புத்தக அடுக்கு. அவள் விரும்பிய இளநீல வண்ணம். முந்திரிக் கொல்லையில் ஒரு பகுதியை விற்ற பணம் அது. அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது என்றுதான் நினைத்தோம். ஆனால் தமிழாசிரியரின் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை.

"அப்ப மாடி ரூம்?"

மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பூட்டி வைக்காதீங்கம்மா" என்றாள்.

அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை. பத்து மணிக்கு மேல் ஓசை கூடாது என்னும் விதி அன்று உதவியாயிற்று. வாய்விட்டுப் பேசியிருந்தால் திரும்பப் பெறமுடியாத சொற்கள் சில வந்திருக்கும். அவளை அனுப்பியவர்கள் நாங்களே. அனுப்புவதில் பெருமை கொண்டவர்களும் நாங்களே. ஆனால் அனுப்புவது என்ற சொல்லுக்குள் திரும்புதல் அடங்கியிருப்பதாக எவரும் எங்களுக்கு உறுதி தரவில்லை. உடையார்பாளையம், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரங்களில் சிங்கப்பூர்ப் பணத்திலும் வளைகுடாப் பணத்திலும் எழுந்த மாடிவீடுகள் எத்தனை! கீழே முதியவர் ஒருவர், மேலே பூட்டு. பிறர் வீட்டுப் பூட்டைப் பார்த்து வருந்தும் போது, நம் வீட்டுப் பூட்டுக்குச் சாவி செய்துகொண்டிருக்கிறோம் என்பது தெரிவதில்லை.

விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளின் வனப்புகளைக் கூறுமிடத்து அச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கிறார். வீட்டுக்கு வரும் புதியவரே விருந்து. உறவினர் விருந்தினர் அல்லர். திருக்குறளும் இல்வாழ்வான் பேணவேண்டியோரை வகுக்கும்போது விருந்தையும் சுற்றத்தையும் வேறுவேறாகவே வைக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் இதைச் சொல்லி வந்திருக்கிறோம். தூன் ஏரிக்கரையில்தான் இதற்கு இன்னொரு பக்கம் இருப்பது புலப்பட்டது. சுற்றமாக இருந்தவள் புதியவளாக ஆகிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஜெர்மன் எங்களுக்குப் புரியாது. அவளுடைய பனிக்கட்டியும் அதனுள் உறங்கும் காற்றும் எங்களுக்குப் புரியாது. பேருந்து நிறுத்தத்தில் ஒவ்வொரு மாலையும் இறங்கி வந்தவள் சற்றே புதியவள். அவளைப் பேண வேண்டிய முறையும் இனி வேறு. சுற்றத்தை உரிமையால் பிடித்து வைக்கலாம். விருந்தை வரவேற்கலாம், வழியனுப்பலாம், பிடித்து வைப்பதற்கில்லை.

மறுநாள் காலை, "சரி, படி" என்றோம். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவள் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றாள்.

பத்தாம் நாள் பட்டியலை வைத்துக்கொண்டு தட்டு, கரண்டிகளைச் சரிபார்த்து அடுக்கினோம். மூதாட்டி கீழே வந்தார். எண்ணிப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் முந்திரிப் பொட்டலத்தில் மீதமிருந்ததை அவரிடம் கொடுத்தோம். வாசலில் நின்று, அடுத்த வாரம் யாரோ நெதர்லாந்திலிருந்து வருவதாகவும், இடையில் ஐந்து நாள் சன்னல் இருட்டாக இருக்கும் என்றும் சொன்னார்.

அந்நாட்டுக்குச் செல்ல எண்ணும் நடுத்தர வருவாயினருக்குச் சொல்வதற்குச் சில உண்டு. விசா விண்ணப்பத்துக்குத் தங்குமிடச் சான்று தேவை. ஆகவே வீட்டை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் கட்டாயம். விளம்பரத்தில் காணும் வாடகையோடு துப்புரவுக் கட்டணத்தையும் தங்கல் வரியையும் கூட்டிப் பார்த்தே ஒப்பிடுங்கள். ஓரிரு இரவுக்கு இத்தகைய வீடு கட்டுப்படியாகாது, ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால்தான் ஆதாயம். பேருந்து நிறுத்தத்துக்கும் கடைக்கும் நடக்கும் தொலைவில் உள்ளதா என்று பாருங்கள். தண்ணீர்ப் புட்டி வாங்காதீர்கள். குழாய் நீரே நல்ல நீர். பருப்பும் மிளகாய்த்தூளும் கொண்டு செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கான காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஊர் திரும்பி ஒரு மாதம் மாடியறையை நாங்கள் திறக்கவில்லை. சூன் மாதத்தில் கல்லூரி தொடங்கியது. ஆண்டிமடத்துக்கு அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் முதலாமாண்டு மாணவியர் இருவர் முதற்பாடவேளை தோறும் தாமதமாக வந்து வாசலில் நின்றனர். மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் வீடு சேர இரவு எட்டாகும். இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் வீட்டில் என்று அவர்களுள் ஒருத்தி சொன்னாள். எங்களுள் ஒருவர் அன்றிரவே சம்மதித்தார். மற்றவருக்கு இரண்டு வாரம் ஆயிற்று. இளநீலச் சுவரில் வேறொரு பிள்ளையின் துணி தொங்குவதை மனத்துக்குள் பழக்கிக்கொள்ள அவ்வளவு நாள் தேவைப்பட்டது. பின்னர் இருவீட்டாரையும் அழைத்துப் பேசினோம். மின்கட்டணம் மட்டும் அவர்கள் பொறுப்பு.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மகளின் பொருள்களை ஒரு பெட்டியில் எடுத்து வைத்தோம். புத்தகங்களை அடுக்கிலேயே விட்டோம். கணக்காசிரியர் மூதாட்டியைப் பின்பற்றிக் கதவின் உட்புறம் ஒரு பட்டியல் ஒட்டினார். கட்டில் இரண்டு. மேசை ஒன்று. நாற்காலி இரண்டு. மின்விசிறி ஒன்று. வாளி இரண்டு. தமிழாசிரியர் அதன் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: கல் நத்தை ஒன்று, எங்கள் மகளுடையது, எடுத்துப் பார்க்கலாம், பார்த்த பின் சன்னலோரம் வைக்கவும்.